வலது பக்கத்து மானிட்டர்

நீள மேசையின் ஒரு முனையில் மேனேஜர். மறுமுனையில் லோடுமேன், வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. இருவருக்கும் நடுவில், சன்னலுக்கு முதுகு காட்டி, லேப்டாப்போடு சூப்பர்வைசர். நேற்று அடிபட்ட அவர் தலையின் கட்டில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. சுவரோரம் டைப்பிஸ்ட் அம்மா. கதவருகே ஸ்டூலில் வாட்ச்மேன்.

கம்ப்யூட்டர்காரர் மட்டும் உட்காரவில்லை. லேப்டாப்பில் இருந்தது ஒரே ஒரு டைப்-சி துளை. அதில், ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் ஒன்றைச் செருகி இரண்டு மானிட்டர்களை இணைத்தார். ஒன்று மேனேஜரைப் பார்த்து, மற்றொன்று லோடுமேனைப் பார்த்து. சூப்பர்வைசர் இருந்த இடத்துக்கு இரண்டு திரையும் தெரியாது.

"சார், இது வேற ஹப்பு. உங்க ரூம்ல இருக்கிற மாதிரி இதுல..." என்று சூப்பர்வைசரிடம் இழுத்தார்.

"ரெண்டும் எரியுதுல்ல? அப்புறம் என்ன, கிளம்புய்யா."

கேமரா பதிவு ஓடியது. லோடுமேன் இடது கையால் இரும்புக் கம்பியை ஓங்கினான். முதல் வீச்சு ரேக்கில் பட்டுத் தெறித்தது, இரண்டாவது சூப்பர்வைசரின் மண்டையில் இறங்கியது. சரிந்து விழுந்தவரின் முதுகில் மூன்றாவது. சத்தத்துக்கே டைப்பிஸ்ட் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் இருக்கு சார்," என்றான் லோடுமேன். "என் கையை ரேக்குல வச்சு இவரு முறிச்சது. அதைப் போடச் சொல்லுங்க."

"இருந்தா போட மாட்டேனா? கேமரா பாவம், அதுவரைக்கும் தூங்கிட்டு இருந்துச்சு," என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் பேனாவை மூடினார். "இருக்கிறதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும். ஒத்துக்கிட்டா வேலை போறதோட முடியும். இல்லேன்னா கேஸு, கோர்ட்டு."

"அடிச்சேன் சார். ஆனா மொதல்ல அடிச்சது நான் இல்ல. அப்படி எழுதுனா கைநாட்டு வைக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் லேப்டாப்பில் வேறொன்றைத் திறந்தார். குடோன் பின்வாசல் கேமரா; இந்த நிமிஷம் அங்கே நடப்பதைக் காட்டுவது. தன் அறையில் தினமும் செய்வதுபோல அந்தப் படத்தை வலக்கோடிக்கு, லோடுமேன் பக்கத்து மானிட்டருக்குத் தள்ளிவிட்டார்.

லோடுமேனுக்கு முகம் வெளிறியது. சிமெண்ட் தரையில் அவன் தம்பி குப்புறக் கிடந்தான். ஒருவன் அவன் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தான். விரல்களில் இரண்டு ஏற்கெனவே நசுங்கியிருந்தன. இன்னொருவன் மீதி விரல்களுக்கு நேராகச் சம்மட்டியைத் தூக்கி, கேமராவைப் பார்த்துக் காத்திருந்தான்.

"நல்லா யோசிச்சு சொல்லுப்பா. குடும்பஸ்தன் நீ," என்றார் சூப்பர்வைசர் இதமாக.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வாட்ச்மேனை அருகே அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். வாட்ச்மேன் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"போலீஸைக் கூப்பிடவா சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"வேற என்ன பண்றது?"

"வேணாம் சார்," என்றான் லோடுமேன். "நான்தான் மொதல்ல அடிச்சேன். இவரு ஒண்ணும் பண்ணல." கண்களை இறுக மூடிக்கொண்டு இடது பெருவிரலை மையில் அழுத்தி வாக்குமூலத் தாளில் வைத்தான்.

மேனேஜர் எழுந்து போய் டைப்பிஸ்ட் அம்மாவின் தோளருகே குனிந்து சொல்லச் சொல்ல, அவர் டைப் அடித்தார். வேலைநீக்கக் கடிதம், மூன்றே வரி. மூன்றாக மடித்து, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தினார்.

"கையோட குடுத்துட்டு, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிருங்கம்மா," என்று சொல்லி மேனேஜர் தன் இடத்துக்குத் திரும்பினார்.

டைப்பிஸ்ட் அம்மா லோடுமேனைத் தாண்டி நடந்து வந்து, உறையைச் சூப்பர்வைசர் முன்னால் வைத்தார்.

"எங்கிட்ட எதுக்கும்மா? ஆளு அங்க உக்காந்திருக்கான்."

மேனேஜர் தனக்கு முன்னால் இருந்த மானிட்டரைச் சூப்பர்வைசர் பக்கம் திருப்பினார். அதில் வாட்ச்மேனும் நாலு லோடுமேன்களும் சம்மட்டிக்காரனைத் தரையில் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தம்பி கையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தான்.

"இந்த ஹப்புல ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம்தான்யா ஓடுச்சு."