நாற்பத்தொன்றாவது குறிப்பு

அண்ணன் எழுதிவைத்த குறிப்புகள் நாற்பது. கருவி பேசியதோ நாற்பத்தொன்று. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள். போன வருடம் அண்ணன் இறந்த பிறகு அவர் குறிப்புகளை நம்பித்தான் தொழில் நடக்கிறது. கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது தாளைப் புரட்ட முடியாது, ஆனால் காதால் கேட்கலாம். அதனால் குறிப்புகளைத் தட்டச்சு செய்து ஒரே கோப்பாக்கி, எழுத்தைப் பாட்காஸ்ட் ஆக்கும் ஏஐ கருவிகள் இரண்டை அண்ணியும் நானும் சோதித்தோம்.

முதல் கருவி, குறிப்புகளை இரண்டு பேரின் உரையாடலாக மாற்றி எழுதிவிட்டுக் குரல் கொடுக்கும். முடிவில், அண்ணன் எழுதாத நாற்பத்தொன்றாவதாக, "நூலக லிஃப்ட்டுல ரெண்டாவது கயித்தை உடனே மாத்தணும்" என்றது.

"இது தானா கதை கட்டும் அண்ணி. இல்லாததையும் சேர்த்துச் சொல்லும்."

"அப்போ உங்களை மாதிரின்னு சொல்லுங்க தம்பி."

இரண்டாவது கருவி எழுத்தை அப்படியே வாசிக்கும். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்காது. அதுவும் அதே நாற்பத்தொன்றாவதை வாசித்தது. கோப்பில் உள்ள குறிப்புகளை மறுபடி எண்ணினேன், நாற்பதுதான்.

நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த இரும்புக் கயிற்றில் பாதி இழைகள் அறுந்திருந்தன. அன்றே மாற்றினேன்.

"அடுத்து எதுன்னு கேட்டுப் பாருங்க" என்றார் அண்ணி. கோப்பின் அடியில் அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்து இரண்டாவது கருவியில் ஏற்றினேன்.

"கயிறு மாத்தினது சரி. இனி ஜவுளிக்கடை லிஃப்ட்டோட பிரேக்கைப் பாருடா" என்று வாசித்தது.

இரண்டாவது கருவியையே வாங்கினோம். அது சொந்தமாக எதையும் சேர்ப்பதில்லை.