மூன்றாம் நாள் குளிர்

"ஈரச் சாக்ஸைக் கழட்டினீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"இப்பத்தானே உட்கார்ந்தேன்..."

"அப்புறம்னு இழுக்காதீங்க. முதல்ல கழட்டுங்க."

கூடாரத்துக்குள் குனிந்து கழற்றினார். வெளியே மாலை வெளிச்சத்தில் பனி கொட்டியது. நாற்பது நாள் மலைநடையில் இது மூன்றாம் நாள். அதற்குள் குதிகாலில் கொப்புளம், பற்கள் தந்தியடித்தன.

"முப்பது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டரா, ஸ்டூல்ல உட்கார்ந்தே மேல போன மனுஷனுக்கு மலை ஏறணும்னு என்ன வேண்டுதல்?"

"ஒரு தடவையாவது சொந்தக் காலால மேல போகணும்னு தோணுச்சு. தப்பா?"

செல்போன் திரை அணைந்தது. மூன்றாம் நாளுக்கு அவ்வளவுதான்.

மலையில் சிக்னல் கிடைக்காது என்று, வீட்டில் தங்கிவிட்ட அவள், நாளுக்கு ஒன்றாக நாற்பது பேச்சுகளை அவர் செல்போனில் பதிந்து கொடுத்திருந்தாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் கேட்பேன் என்று சத்தியமும் வாங்கியிருந்தாள்.

மூன்று நாளாக ஒரு மனித முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் முப்பத்தேழு நாள். விடிந்ததும் இறங்கிவிட வேண்டியதுதான். இறங்கப்போகிறவனுக்குச் சத்தியம் எதற்கு? நேரே நாற்பதாவதை அழுத்தினார்.

"மூணாம் நாளே இதைக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "இறங்கி வர்றதுன்னா வாங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஏறுறதுன்னா இதை அழிச்சிடாதீங்க, உச்சியில இன்னொரு தடவை கேக்கணும். இப்போ போனை வெச்சிட்டு, காஞ்ச சாக்ஸை எடுத்துப் போடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு காலும் இன்னும் வெறுங்காலாகத்தான் இருந்தன.