கடைசிச் சதுரம்

கம்பிகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஜெனிட்டா சுத்தியலோடு நின்றுவிட்டாள்.

இன்றோடு வேலை முடிகிறது. மற்றச் சதுரங்களின் கம்பிகளையெல்லாம் பிடுங்கிச் சாக்கில் போட்டாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

காங்கேயத்துப் பக்கத்துக் கொறங்காடு அது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அங்கங்கே வேலமரம், மற்றபடி கொழுக்கட்டைப் புல். புல்லோடு புல்லாக என்னென்ன செடி வளர்கிறது, எது குறைகிறது, எது பெருகுகிறது என்று எண்ணுவதுதான் அவள் ஆராய்ச்சி. புல்லை எண்ணினால் பட்டம் கொடுப்பார்களா என்று தூத்துக்குடியிலிருந்து அம்மாவே போனில் கேட்டுச் சிரிப்பாள்.

எண்ணும் இடத்தை நாமாகப் பொறுக்கக் கூடாது. கண் நல்ல இடத்துக்கே போகும், கள்ளக் கண். அதனால் கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் ஓர் இடம் சொல்லும். சொன்ன இடத்தில் மூலைக்கொரு இரும்புக் கம்பி அடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படி அமைந்ததில் இந்தச் சதுரம் மட்டும் அவளுக்குச் செல்லம்.

மற்ற இடங்களில் புல் ஓங்கி எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. இங்கே புல் படிந்து கிடந்தது. இடுக்கில் விஷ்ணுகிரந்தி நீலமாகப் பூத்தது. போன மழைக்குக் கோழிக்கொண்டையும் துளசியும் முளைத்தன.

வீட்டு வாசல் செடிகள் காட்டுக்கு எப்படி வந்தன? மண்டையை உடைத்துக்கொண்டாள். காற்று என்று நினைத்தாள். பிறகு பறவை என்று நினைத்தாள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே இந்தச் சதுரத்தை நம்பி நின்றது.

அந்தப் பெண்ணின் மடியில் கோழிக்கொண்டைச் சரம் இருந்தது.

காட்டுக்காரர் வீட்டு மருமகள், கோகிலா. ஜெனிட்டா வெயிலுக்கு முன் வந்து வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறவள். இந்த மத்தியான நேரத்தில் இங்கே இருந்ததே இல்லை.

கோகிலா சாக்கைப் பார்த்தாள். சுத்தியலைப் பார்த்தாள்.

"இத மட்டும் எடுத்துராதீங்கக்கா. இது உங்க கம்பி இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு அடிச்சது."

ஜெனிட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பையனுங்கக்கா. பொறந்து ஒரு வாரங்கூட இல்ல. நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். ஆம்பளைங்க கொண்டாந்து இந்தக் காட்டுல குழியெடுத்து வெச்சுப்போட்டாங்க. எங்கன்னு கேட்டா ஆரும் சொல்ல மாட்டீங்கறாங்க. சொன்னா நான் இங்கயே வந்து கெடந்துக்குவேனாமா."

சரத்தைத் துளசியின் அடியில் வைத்தாள்.

"ஒரு நா மாடு தேடி வந்தப்ப இந்தக் கம்பியப் பாத்தேன். வாயில சொல்ல மாட்டாம, அவரு அடையாளம் வெச்சுட்டுப் போயிருக்காருங்க."

ஜெனிட்டா கால் மடக்கி உட்கார்ந்தாள்.

கம்பிகளை அடித்தவள் அவள்தான். அன்று இதே இடத்தில் மண் எடுத்துப் பார்த்ததும் அவள்தான். கடப்பாரை போட்டால் துள்ளியது. எந்தக் காலத்திலும் யாரும் தோண்டாத மண்.

இங்கே யாரும் இல்லை.

பார்வை தானாக அடுத்த வேலமரத்துக்குப் போயிற்று. அதன் அடியில் ஒரு தொட்டில் அளவுக்குப் புல்லே கிடையாது. குப்பைமேனி மட்டும் நெருக்கியடித்து நிற்கும். மண்ணைக் கிளறி மூடிய இடத்தில் முதலில் வந்து உட்காருவது அதுதான். எதற்கோ தோண்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அப்போது தாண்டிப் போய்விட்டாள். பிறகும் அந்த வழியாகத்தான் போய் வந்தாள்.

சுத்தியலைக் கீழே வைத்தாள்.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கோகிலா துளசியைச் சுற்றி விழுந்திருந்த சருகுகளைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல மண்ணை மெல்லத் தட்டினாள். அவள் கைபட்டுக் கைபட்டு அந்த இடம் வழவழவென்று இருந்தது.

"அந்தக் கம்பி சாஞ்சுபோச்சு பாருங்க. மாடு முட்டிருச்சாட்ட இருக்குது. தொடறதுக்குப் பயமா இருக்குதுங்கக்கா."

ஜெனிட்டா எழுந்தாள்.

சாய்ந்த கம்பியை நிமிர்த்திப் பிடித்தாள். ஆடாமல் நிற்கும்வரை அடித்து இறக்கினாள். மற்ற மூன்றையும் ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

காற்றுமில்லை, பறவையுமில்லை. அத்தியாயம் போயிற்று. போனால் போகட்டும்.

"துளசிக் கதிர் ஒண்ணு ஒடிச்சுக்கிடட்டுமா?"

"எடுத்துக்கோங்கக்கா. சாமிக்குங்களா?"

கழுத்துச் சிலுவை வெயிலில் மின்னியது. ஜெனிட்டா தலையை மட்டும் ஆட்டினாள். காய்ந்து முற்றிய கதிராகப் பார்த்து ஒடித்தாள்.

கோகிலா வேலியைத் தாண்டி வீட்டுப் பக்கம் மறையும்வரை காத்திருந்தாள்.

பிறகு அடுத்த வேலமரத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

துளசி இந்தக் காட்டுச் செடி இல்லை. வெளிச்செடி ஒன்றின் விதையைப் புல்வெளியில் போடுவது அவள் படிப்பில் பெரிய குற்றம். கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். குப்பைமேனியின் நடுவில் கொஞ்சம் விலக்கிவிட்டுத் தூவினாள்.

மேலே ஒரு பிடி மண் போட்டு, மெல்லத் தட்டினாள்.