செய்வினை வேண்டாம்

விருந்தினரின் சாம்பல் நிறக் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தை அப்படியே பதித்துவிட்டது.

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் அவள் பதினாலு வருஷமாகத் துணி தேய்க்கிறாள். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

மேற்பார்வையாளர் அம்மா ஒரு படிவத்தை மேஜையில் போட்டார்.

"என்ன நடந்ததுன்னு எழுதிக் கொண்டா. இங்கிலீஷ்ல."

அந்த அம்மா வந்து நின்றால் துவைக்கும் இயந்திரம்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது அங்கே பேச்சு.

அவள் நாத்தனாரைப் போனில் பிடித்தாள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். இயந்திர இரைச்சலில் ஒன்றும் காதில் விழாததால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டாள்.

"செய்வினைன்னா யாரு செஞ்சாங்கன்னு பட்டுனு தெரிஞ்சிடும், அண்ணி!"

'ஐ பர்ன்ட் தி கோட்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வாளாம். 'தி கோட் வாஸ் பர்ன்ட்' என்று செயப்பாட்டுவினையில் எழுதினால், கோட்டு பாட்டுக்குக் கருகியிருக்கிறது, பக்கத்தில் ஆளே இல்லை. யாரால் என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் ஒரு 'பை' போட்டுப் பெயரைச் சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் இலக்கணம் கோபித்துக்கொள்ளாது.

அவளுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அவள் கணவர் வீட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான் பேசுகிறார். தட்டு உடைஞ்சிடுச்சு, சாவி தொலைஞ்சிடுச்சு, பால் பொங்கிடுச்சு. அவர் எதையாவது செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் பேயறைந்தவன் போல் நின்றிருந்தான்.

"அக்கா, செய்வினையெல்லாம் வேணாம்க்கா! நான் புள்ளகுட்டிக்காரன். காலையில என் பொண்ணு யூனிஃபார்மைத் தேய்ச்சிட்டு, பெட்டி சூட்டைக் குறைக்காம வச்சது நான்தான்க்கா!"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. காலையிலிருந்து தன் கையைத் தானே திட்டிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு 'பை' போட்டு இவன் பெயரை எழுதினால் தீர்ந்தது. இலக்கணமும் சரி, நடந்ததும் சரி.

பேனாவை எடுத்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எந்தப் பக்கமிருந்து வந்து இறங்குமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அவள் வாக்கியத்தை எழுதினாள். 'பர்ன்ட்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, காகிதம் ஓட்டையாகிற அளவுக்கு அழுத்தி ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

மேற்பார்வையாளர் அம்மா படிவத்தை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.



அந்த அம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதித் தர்றீங்களா?"