புருஷன் பேர்

நிதி ஆபீஸ் குமாஸ்தா சௌரிராஜனுக்கு ஆள்மாறாட்டக்காரர்களைப் பிடிப்பதென்றால் வெல்லக்கட்டி. முழியைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று மதுரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். இதுவரை ஒருத்தரையும் பிடித்ததில்லை. அது வேறு விஷயம்.

அன்று மேலூரிலிருந்து ராமக்காள் வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகம்.

"வீட்டுக்காரரு போட்டு வச்ச காசுங்க. அவரு தவறிட்டாரு. மழை விழுந்துருச்சு, வெதநெல்லு வாங்கணும். இல்லாட்டி பிள்ளைகளுக்கு இந்த வருசம் கஞ்சியில்லைங்க."

சௌரிராஜன் புத்தகத்தை வாங்கினார். திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் பேரென்ன?"

ராமக்காள் தலையைக் குனிந்தாள். "அதுலயே எழுதியிருக்குங்களே."

"எழுதியிருக்கும். உனக்குத் தெரியுமா?"

"எங்க கொலசாமி பேருங்க."

"உங்க கொலசாமியா இங்க வந்து கணக்கு வச்சாரு?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெண்சாதி வாயால் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள் என்பது சௌரிராஜனுக்குத் தெரியாததா? அவர் மனைவி வசுந்தராவே, அவர் பேரைச் சொல்ல வேண்டி வந்தால் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொல்வாள். அதெல்லாம் வீட்டில். ஆபீசில் ஐயா வேறு பிறவி.

"புருஷன் பேர்கூடத் தெரியாம காசு வாங்க வந்துட்டா! முழிக்கிற முழியைப் பாருங்கய்யா!"

கூடி வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் சொல்லாத பேர். ராமக்காள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விருமாண்டி" என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள்.

சௌரிராஜன் துள்ளி எழுந்தார்.

"அகப்பட்டியா! மேலூர் விருமாண்டி செத்துட்டாரா? போன வெள்ளிக்கிழமைதான் வந்து மொத்தத்தையும் எடுத்துக் கணக்கையே முடிச்சிட்டுப் போனாரு! பட்டு அங்கவஸ்திரம், கடுக்கன், வாசல்ல வில்வண்டி. பசுமலைக்குக் குடிபோயிட்டாராம். புத்தகம் தொலைஞ்சு போச்சாம், பாவம். கை நடுங்குதாம், கையெழுத்துகூட மாறிப்போச்சு. நாற்காலி போட்டு உட்காரவச்சு நானே காப்பி வாங்கிக் கொடுத்தேன்."

ராமக்காளுக்கு அழுகைகூட நின்றுபோயிற்று.

"அவரு செத்து மூணு மாசமாச்சுங்களே…"

"சும்மா இரு! அவர்கிட்டயும் இதே கேள்விதான் கேட்டேன். பேரென்னன்னேன். படீர்னு சொன்னாரு. உண்மையான ஆளுன்னா அப்படிச் சொல்லணும்!"