உயிரோடிருக்கும் சிவபாலன்

சிவபாலன் இறந்து நான்கு மாதமாகியும் இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த அவருடைய கைரேகை, குரல், இருபது வருடப் பேச்சுப் பதிவுகள் எல்லாவற்றையும் எவனோ வாங்கியிருந்தான். அவன் சிவபாலனாக ரயிலேறினான், ஓட்டுப் போட்டான், போன வாரம் மூக்குக்கண்ணாடிகூட மாற்றினான். அதனால் அரசுப் பதிவேட்டில் சிவபாலன் இன்னும் உயிரோடிருந்தார்.

சேலம் புகார் மையத்தில் மனைவி மரகதம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆளை லைன்ல கூப்பிடுறேம்மா. பேசிட்டு, இவர் என் வீட்டுக்காரர் இல்லைன்னு இந்த ரேகைக் கருவியில விரலை வைங்க. அந்த அடையாளத்தையே அழிச்சிடலாம்" என்றார் அதிகாரி.

"ஹலோ" என்றாள்.

"மரகதமா?" அதே குரல், அதே கனைப்பு. "தைராய்டு மாத்திரை போட்டியா? வெறும் வயித்துல போடணும்னு எத்தனை தடவ சொல்றது?"

பேசுபவன் திருடன் என்று அவளுக்குத் தெரியும். மின்மயானத்தின் இரும்புக் கதவு கணவர் மேல் மூடியதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

"விரலை வைங்கம்மா" என்றார் அதிகாரி.

மரகதம் விரல்களை மடக்கிக்கொண்டாள். "இனிமேதாங்க போடணும்" என்றாள் போனில்.

"சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன்."

அவள் புகாரைத் திரும்பப் பெற்றாள். வீட்டுக்குப் போனதும், மாலை போட்டிருந்த கணவர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.