ஊருக்குப் போகும் கோணி

கிழட்டு எலி சடையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தன் கோணியைத் தானே கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நான் இந்த மளிகைக்கடைக் கிடங்கின் சுவர்ப்பல்லி. சடையன் ஊர் அரிசி ஆலையில் மூட்டைக்குள் அகப்பட்டு லாரியில் பட்டணம் வந்தவர். மூட்டை காலியான பிறகு அந்தக் கோணிமேல் யாரையும் பல் வைக்க விடவில்லை.

“வெறுங்கோணி ஒருநாள் ஆலைக்குத் திரும்பும். அதுக்குள்ளேயே நானும் போயிடுவேன். இந்தப் பொங்கலுக்கு நிச்சயம். என்ன பல்லியாரே?” என்பார். பல்லி சொன்னால் பலிக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. மரியாதைக்கு நானும் உச்சுக் கொட்டுவேன். இப்படி ஐந்து பொங்கல் போயிற்று.

மகள் வெள்ளச்சி இங்கேயே பிறந்தவள். நிறைமாதத்தில் வந்து கேட்டாள்: “குட்டிங்களுக்கு மெத்தை போடணும். கோணியில கொஞ்சம் நார் குடுங்கப்பா.”

“ஊருக்குப் போற வண்டியையா கிழிக்கச் சொல்றே? நீயும் வா, அங்கே வைக்கோல்ல பெத்துக்கலாம்.”

“எந்த ஊருப்பா? எனக்கு ஊரு இந்த உளுந்து டப்பாவுக்குப் பின்னாடிதான்.”

மூன்று நாள் அவர் கோணிமேலேயே படுத்துக் காவல் காத்தார். நாலாம் நாள் மழையில் குட்டிகள் பிறந்து, ஈரத்தரையில் நடுங்கின. அவரே எழுந்து போய் நார் நாராகக் கிழித்தார்.

“பாதிதான் கிழிக்கிறேன். நான் போக அரைக்கோணி போதும். என்ன பல்லியாரே?”

நான் உரக்கவே உச்சுக் கொட்டினேன்.

மறுநாள் அந்த அரைக்கோணிக்குள் படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளச்சியின் அடுத்த பிரசவத்துக்கு அதுவும் கிழிந்தது. இப்போது ஆலைப் பெயர் அச்சிட்ட ஒரு சாண் துண்டு இருக்கிறது. அதன்மேல் ஒன்பது பேர் தூங்குகிறார்கள்.